லோஸ் சைக்கோஸ்: முதலில் கத்தியது யார்?

அன்புள்ள ஐயா,

பெரு நாட்டின் 'லோஸ் சைக்கோஸ்' குழுவைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். உலகின் முதல் பங்க் குழு, அதாவது வேகமும் கத்தலுமாக முரட்டு ராக் இசை வாசிக்கும் குழு, அவர்கள்தானாம். ராணுவ அரசு ஒடுக்கியதால் இரண்டே ஆண்டில் காணாமல் போனார்களாம். நம்பலாமா?

செந்தில், ஈரோடு

அன்புள்ள செந்தில்,

இரண்டாவதை நம்பவே வேண்டாம். பெருவில் வெலாஸ்கோ தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது 1968 அக்டோபரில். சைக்கோஸ் கலைந்தது 1966இல். அப்போது அங்கே இருந்தது பெலாவுந்தேயின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. வெலாஸ்கோ அரசுக்கு ராக் ஆகாது என்பது உண்மைதான். 1971இல் கச்சேரிக்கு வந்திறங்கிய அமெரிக்க ராக் குழுவான சந்தானாவை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கதையைக் கொண்டுவந்து இவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ஒடுக்கப்பட்ட கலைஞன் என்றால் கதை நன்றாக விலைபோகிறதே!

உண்மையில் இவர்களை யாரும் விரட்டவில்லை. லிமா நகரின் லின்சே பகுதியைச் சேர்ந்த நாலு பையன்கள்: எர்வின் ஃப்ளோரெஸ், ரோலாந்தோ கார்ப்பியோ, சேசர் காஸ்ட்ரியோன், பாஞ்சோ கெவாரா. 1964இல் ஒன்று சேர்ந்தார்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டாக ஆறு சிறிய இசைத்தட்டுகள், மொத்தம் 12 பாடல்கள். முழு ஆல்பம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் ஊரறிந்த குழு. சினிமா கொட்டகைகளில் நடந்த காலைக் கச்சேரிகளில் கூட்டம் சேர்த்தவர்கள், டிவியிலும் வந்தவர்கள். பிறகு ஒருவருக்கொருவர் அலுத்துப்போய்ப் பிரிந்துவிட்டார்கள். இளைஞர் குழுக்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன.

'முதல் பங்க்' விஷயத்துக்கு வருகிறேன். லின்சேயில் ஒரு தெருமுனையில், பங்க் இயக்கம் இங்கேதான் பிறந்தது என்று பலகையே பதித்திருக்கிறார்கள். ஊர்ப்பெருமை, புரிகிறது. ஆனால் அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் டகோமாவில் 'தி சோனிக்ஸ்' குழுவும் இதே மாதிரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. இவர்களை அவர்களுக்குத் தெரியாது, அவர்களை இவர்களுக்குத் தெரியாது. 1976இல் நியூயார்க்கின் பங்க் குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பம் வந்தபோது அந்த ஊரில் சைக்கோஸ் இசைத்தட்டைத் தேடினாலும் கிடைத்திருக்காது. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்க வேண்டுமென்றால் நடுவில் யாராவது கேட்டிருக்க வேண்டுமல்லவா?

என்னைக் கவர்வது வேறு. சுற்றியிருந்த குழுக்கள் பல ஆங்கிலப் பாட்டுகளை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் சொந்தமாக எழுதினார்கள், ஸ்பானிஷில் பாடினார்கள். அதுவும் என்ன விஷயங்கள்! ரயில் நிலையத்தை இடித்துத் தள்ளுவது, கல்லறைத் தோட்டம், அல்காட்ராஸ் சிறையிலிருந்து தப்பியவன், பூனைகளின் சவ அடக்கம். நடுநடுவே காதல் பாட்டுகளும் உண்டு. பங்க் ரசிகர்கள் அவற்றை வசதியாக மறந்துவிடுவார்கள்.

12 பாடல்களும் சேர்ந்து அரை மணி நேரம்தான் வரும். காணொளியை விடுங்கள், 'டெமோலிசியோன்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஹெட்ஃபோன் போட்டிருந்தால் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

அன்புடன்.