கவுன்சிலரை கலாய்ச்ச வீடியோவை தூக்கணுமா?

கேள்வி: நானும் ஃப்ரெண்டும் திருப்பூர்ல சின்னதா ஒரு யூடியூப் சேனல் நடத்துறோம். எங்க வார்டு ரோடு பள்ளத்தை வச்சு கவுன்சிலரை கலாய்ச்சு ஒரு வீடியோ போட்டோம், நடுவுல முதலமைச்சர் வாய்ஸை ஏஐ-ல செஞ்சு சேர்த்தோம். இப்ப "தூக்கலேன்னா போலீஸ்ல கம்ப்ளெயின்ட்"னு போன் மேல போன். தூக்கிடலாமா சார்?

பதில்: அனுப்புன வீடியோவை முழுசா பார்த்தேன் தம்பி. கவுன்சிலர் வேஷம் போட்டவர் மாலையோட பள்ளத்துல விழுந்து, உள்ள இருந்துக்கிட்டே வளர்ச்சி பத்தி பேசுறாரே, அதுல கை வைக்கவே வேணாம், சட்டப்படி அதுல ஒண்ணுமே இல்ல. பதவியில இருக்கிறவங்க அந்த பதவி வேலையை செய்யறதை விமர்சிச்சா, விஷயம் தப்பாவே இருந்தாலும், உண்மையா பொய்யான்னு கண்டுக்காம எழுதினாங்கன்னு அவங்க நிரூபிச்சாதான் நஷ்டஈடு கேக்க முடியும்னு 1994-ல நக்கீரன் வழக்குலயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ஆட்டோ சங்கர் சுயசரிதை விவகாரம்னா ஞாபகம் வரும்.

சிக்கல் வேற மூணு இடத்துல இருக்கு.

ஒண்ணு, "ரோடு காசுல ஒம்பது லட்சம் அடிச்சுட்டார்"னு ஒரு வரி. இது ஜோக் இல்ல, குற்றச்சாட்டு. எஸ்டிமேட், பில்லு, ஆர்டிஐ பதில்னு கையில ஏதாவது இருக்கா? இல்லேன்னா பிஎன்எஸ் (பழைய ஐபிசி-க்கு பதிலா வந்த தண்டனை சட்டம்) 356, அதாவது அவதூறு, 2 வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கு. அதே இடத்துல "ஒதுக்குன காசு எங்கடா போச்சு"ன்னு அவர் பள்ளத்துக்குள்ள டார்ச் அடிச்சு தேடுற மாதிரி எடுத்திருந்தா சிரிப்பும் கூட வந்திருக்கும், வம்பும் இல்ல. உண்மையை சொன்னா தப்பிக்கலாம்னு நெனைக்காதீங்க, கிரிமினல் அவதூறுல உண்மையா இருந்தா மட்டும் போதாது, பொதுநலனுக்காக சொன்னதாவும் இருக்கணும்.

ரெண்டாவது, அவர் வீட்டம்மாவை பத்தின டயலாக். அவங்க எந்த பதவியிலயும் இல்ல, அவங்களை எதுக்கு இழுத்தீங்க? பெண்ணை இழிவுபடுத்துனதா தனி செக்‌ஷன் இருக்கு. யோசிக்காம வெட்டுங்க. சாதி, மத ஜோக்குக்கும் இதேதான்.

மூணாவதுதான் எனக்கு நெஜமாவே பயம். முதலமைச்சர் குரல்லயே "அடுத்த மாசத்துலருந்து மகளிர் உரிமைத்தொகை கிடையாது"ன்னு வருது. அந்த 15 செகண்டை யாராவது கட் பண்ணி வாட்ஸ்அப்ல விட்டா உங்க காமெடி காணாம போயிடும், வதந்தி மட்டும் சுத்தும், பொய் தகவல் பரப்பி மக்களை பதற வச்சதா பிஎன்எஸ் 353 போடுவாங்க, அது ஜாமீன் உரிமையா கிடைக்காத பிரிவு. ஏஐ-ல செஞ்சதுன்னு பளிச்னு லேபிள் போடணும்னு ஐடி விதியும் இருக்கு. பேசாம நீங்களே மிமிக்ரி பண்ணுங்க, கொஞ்சம் சொதப்பினாலும் பரவால்ல, சொதப்பலா இருந்தா இன்னும் நல்லது. "அனைத்தும் கற்பனையே"னு ஆரம்பத்துல போடுற கார்டு, அவரோட நெஜ பேரு, மூஞ்சி எல்லாம் வச்சுட்டா பெருசா காப்பாத்தாது.

இப்ப போலீஸ் விஷயம். வெறும் அவதூறுன்னா மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாம அவங்க விசாரிக்கவே முடியாது, அதனாலதான் கூட வேற செக்‌ஷன் எதையாவது ஒட்டுவாங்க. 2017-ல கார்ட்டூனிஸ்ட் பாலாவை பிடிச்சது எதுக்கு? நெல்லை கலெக்டர் ஆபீஸ்ல ஒரு குடும்பமே கந்துவட்டி கொடுமையில தீக்குளிச்சதுக்கு அவர் போட்ட கார்ட்டூன்ல அதிகாரிங்க ஆடையில்லாம நின்னாங்க, ஆபாசம்னு ஐடி சட்டம் 67-ஐ எடுத்தாங்க. பின்னாடி ஹைகோர்ட்டு அந்த கேஸை ரத்து பண்ணிடுச்சு, ஆனா உள்ள போனது போனதுதானே. வாடிப்பட்டியில சிறுமலை டூர் போட்டோவுக்கு "துப்பாக்கி பயிற்சி"ன்னு விளையாட்டா எழுதினவர் மேலயும் கேஸ் போட்டாங்க, 2021-ல மதுரை கிளை நீதிபதி அதை ரத்து பண்ணி, சிரிக்கிறதை அடிப்படை கடமையாவே அரசியலமைப்புல சேர்க்கலாம்ங்கிற ரேஞ்சுக்கு கிண்டலாவே தீர்ப்பு எழுதினார். கடைசியில ஜெயிப்பீங்க, நடுவுல அலையணும், அதுக்கு தயாரா இருங்க.

இன்னொண்ணு, 2025 மார்ச்ல காங்கிரஸ் எம்பி இம்ரான் பிரதாப்கடி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது உங்களுக்கு கை கொடுக்கும். பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகார்ல 3 வருஷத்துலருந்து 7 வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள பிரிவுன்னா, டிஎஸ்பி அனுமதியோட 14 நாள்ல முதற்கட்ட விசாரணை நடத்திட்டு அப்புறமா எஃப்ஐஆர் போடுறதுதான் சரின்னு சொல்லிருக்கு. எதுக்கெடுத்தாலும் புண்படுற ஆளோட கண்ணால பார்க்கக்கூடாதுன்னும் சொல்லிருக்கு.

ஸ்டேஷனுக்கு வான்னு போன்ல கூப்பிட்டா எழுத்துல சம்மன் கேளுங்க, பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறை சட்டம்) 35(3)-ல ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்தா வக்கீலோட கண்டிப்பா போங்க, போகலேன்னா அதையே காரணம் காட்டி அரெஸ்ட் பண்ணலாம். வெளியூர் போலீஸ் கேஸ் போட்டாலும் இங்கயே ஹைகோர்ட்ல இடைக்கால முன்ஜாமீன் கேக்க வழி உண்டு, மும்பை கேஸுக்கு காமெடியன் குணால் கம்ரா விழுப்புரம் அட்ரஸை காட்டி சென்னையில வாங்குனது அப்படித்தான்.

வீடியோவை டெலிட் பண்ணாதீங்க, பிரைவேட்ல போடுங்க. டெலிட் பண்ணா ஆதாரத்தை அழிச்சீங்கன்னு அதுக்கும் ஒரு பேச்சு வரும். ஒரிஜினல் ஃபைல், ஸ்கிரிப்ட், மெரட்டுன போன் நம்பர், நேரம் எல்லாம் பென் டிரைவ்ல ஏத்திக்கோங்க. அந்த மூணையும் வெட்டிட்டு பள்ளம் சீனை அப்படியே வச்சு திரும்ப அப்லோட் பண்ணுங்க.