பழைய லேப்டாப்பில் புது விண்டோஸ்: ஃபார்மட் வேண்டாம், டிஸ்க்கை மாற்றுங்கள்

கேள்வி: 2015-இல் வாங்கிய லேப்டாப். ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்து வேலை தொடங்குவதற்குள் பத்து நிமிடம் போய்விடுகிறது. வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் டிடிபி செய்கிறேன். கணவரின் கடைக் கணக்கும் இதில்தான் டேலியில் இருக்கிறது. ஃபார்மட் செய்து விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். போடலாமா? (வாசகி, ராஜபாளையம்)

பதில்: ஃபார்மட் செய்யாதீர்கள். கொஞ்ச நாள் வேகமாக ஓடும், பிறகு பழையபடி ஆகிவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'டிஸ்க்' என்ற பத்தியைப் பாருங்கள். நீங்கள் எதுவும் செய்யாதபோதும் அது 100 சதவீதத்திலேயே நின்றால், தாமதத்துக்குக் காரணம் அந்தச் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். அதே டிஸ்க்கில் விண்டோஸை மறுபடி போடுவதில் பெரிய பயன் இல்லை.

2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று, 240 அல்லது 256 ஜிபியில் வாங்குங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி அந்த இடத்தில் இதைப் பொருத்தி, இதில் விண்டோஸ் போடச் சொல்லுங்கள். பழையதை ஒரு யுஎஸ்பி கேஸுக்குள் வைத்துவிட்டால் உங்கள் பத்து வருட வேலையும் அப்படியே பத்திரமாக இருக்கும். நான் இதை வற்புறுத்துவதற்கு வேகத்தைவிட இந்தப் பாதுகாப்பே முக்கியக் காரணம். எந்த டிரைவை அழிப்பது என்று கேட்கும் திரையில் கை தவறி எல்லாம் போனவர்கள் நிறையப் பேர். பழைய டிஸ்க் உள்ளேயே இல்லை என்றால் அந்தப் பயமே இல்லை.

விண்டோஸ் 11 உங்களுக்கு வேண்டாம். இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் அதை ஏற்கிறது. குறுக்கு வழியில் போட்டால், அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. விண்டோஸ் 10-ஐயே போடுங்கள். நம் ஊரில் விற்ற வீட்டு உபயோக லேப்டாப்களில் பெரும்பாலும் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' பதிப்புதான் வரும். செட்டிங்ஸில் பார்த்து அதே பதிப்பைப் போட்டால், உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது என்பதால் தானாகவே ஆக்டிவேட் ஆகும். 'புரோ போட்டுத் தருகிறேன்' என்று திருட்டு ஆக்டிவேட்டர் ஏற்ற விடாதீர்கள். கடைக் கணக்கு இருக்கிற கணினி அது.

கழற்றும் முன் ஒரே ஒரு வேலை: டேலி லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிடுங்கள், அதாவது இப்போதைய விண்டோஸிலிருந்து விடுவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது விண்டோஸில் அதை ஆக்டிவேட் செய்யும்போது சிக்கல் வரலாம். டேலி டேட்டா ஃபோல்டரை ஒரு பென் டிரைவிலும் நகல் எடுத்துவையுங்கள்.

இனி, டிடிபி செய்கிறவர்கள் கோட்டைவிடும் இடம்: எழுத்துருக்கள். பத்திரிகை ஃபைல்களை மட்டும் கொண்டுவந்தால் போதாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த 'திருமண அழைப்பிதழ்', அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். ஃபைல் கெடவில்லை, எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்துவிடும். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' முழுவதையும் நகலெடுங்கள். சில எழுத்துருக்கள் உங்கள் யூசர் பெயருக்குள் ஒளிந்திருக்கும் 'ஆப்டேட்டா' ஃபோல்டரிலும் இருக்கும், அங்கும் தேடுங்கள். தட்டச்சுக்கு என்.எச்.எம். ரைட்டரோ அழகியோ எதைப் பயன்படுத்தினாலும் மறுபடி நிறுவ வேண்டும்.

போட்டு முடித்ததும் வைஃபை வரவில்லையென்றால் பதற வேண்டாம். ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்தால் இன்டர்நெட் கிடைக்கும். அப்டேட்டை ஓடவிட்டால் டிரைவர்கள் (வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்) பெரும்பாலும் தாமாகவே வந்து சேரும்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கான பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். அதன் பிறகு பேங்க் வேலையை இந்த விண்டோஸில் செய்யாதீர்கள். டேலியும், டிடிபிக்கான பேஜ்மேக்கரும் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸில் நேரடியாக ஓடாது என்பதால் உங்களை முழுக்க அங்கே போகச் சொல்லமாட்டேன். ஆனால் இன்டர்நெட்டுக்கு மட்டும் அதே எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். 4 ஜிபி ராம் அதற்குத் தாராளம்.

பழைய டிஸ்க்கை உடனே அழித்து வேறு வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். பழைய பத்திரிகைகளில் நாலைந்தைத் திறந்து பிரின்ட் போட்டுப் பாருங்கள். டேலியில் போன வருடக் கணக்கும் சரியாகத் திறக்கிறதா பாருங்கள்.