எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் ஆய்வுக்குத் திரும்பலாமா?

வாசகியின் கேள்வி: நான் உயிர்வேதியியலில் 2016-ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றேன். அடுத்த ஆண்டு மகன் பிறந்தான், பிறகு மகள். இடையில் மூன்று ஆண்டுகள் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுத்தேன். ஆய்வகத்தை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது எனக்கு 39 வயது, குரோம்பேட்டையில் வசிக்கிறேன். ஆய்வுக்குத் திரும்ப வேண்டும் என்றால், என் பழைய நெறியாளர் "வயது வரம்பெல்லாம் தாண்டிவிட்டதம்மா, பள்ளிக்கூடத்தில் முதுநிலை ஆசிரியர் வேலைக்கு முயற்சி செய்" என்கிறார். பெண் விஞ்ஞானிகளுக்கான அரசுத் திட்டங்கள் எனக்குப் பொருந்துமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் நாத்தனார் நான்காம் ஆண்டு பிஎச்.டி. மாணவி, ஐந்து மாதக் கர்ப்பிணி. அவர் கணவருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. ஆய்வை விட்டுவிடும்படி வீட்டில் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உங்கள் நெறியாளர் சொன்னதில் பாதி உண்மை. மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் நுழைவு நிலை விஞ்ஞானிப் பணிக்கான வயது வரம்பு 32. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கான தேசிய முதுமுனைவர் உதவித்தொகைக்கு 35, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு சேர்த்து 40. அவர் மனத்தில் இருப்பவை இந்தக் கதவுகளே. ஆனால் இடைவெளிக்குப் பிறகு திரும்புகிற பெண்களுக்கென்றே தனியாகத் திறந்த கதவுகள் இருக்கின்றன, அவற்றில் 39 என்பது நடுவயது கூட இல்லை. (பள்ளியில் முதுநிலை ஆசிரியராக பி.எட். வேண்டும் என்பதையும் அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது.)

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002–03-இல் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பப் பொறுப்பால் ஆய்விலிருந்து விலகியவர்களை மீண்டும் கொண்டுவருவதே அதன் நோக்கம். அது பின்னர் கிரண் என்றும் வைஸ்–கிரண் என்றும் பெயர் மாறி, இப்போது பல கிளைகளாக நடக்கிறது. உங்களுக்குப் பொருந்துவது வைஸ்–பிடிஎஃப் என்ற முதுமுனைவர் உதவித்தொகை. முனைவர் பட்டம் பெற்று நிரந்தரப் பணியில் இல்லாத, 27 முதல் 60 வயதுக்குட்பட்ட பெண்கள் தங்கள் சொந்த ஆய்வுத் திட்டத்தோடு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, பெண் விஞ்ஞானிகளுக்காக உயிரித் தொழில்நுட்பத் துறை 2011-இல் தொடங்கிய பயோகேர் திட்டம். இதன் வயது வரம்பு 55. வேலையில் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். உயிர்வேதியியல் அதன் எல்லைக்குள் நேராகவே வருகிறது. இரண்டுக்கும் ஆண்டு முழுவதும் விண்ணப்பம் வாங்குவதில்லை. அறிவிப்பு வரும்போது உங்கள் ஆய்வுத் திட்டத்தை விளக்கும் கருத்துரு தயாராக இருக்க வேண்டும், வயதையும் தகுதியையும் அந்தந்த அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வக மேசைக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் அறிவுசார் சொத்துரிமைப் பயிற்சியான வைஸ்–ஐபிஆர் இருக்கிறது. ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகு காப்புரிமைத் துறையில் வேலை தேடலாம், கிண்டியிலேயே காப்புரிமை அலுவலகமும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றிவரும் 'பவர்' திட்டம் உங்களுக்கு ஆகாது. 2020-இல் வந்த அத்திட்டம் ஏற்கெனவே நிலையான பணியில் இருக்கும் பெண் ஆய்வாளர்களுக்கானது. அதைப் படித்துவிட்டு நமக்கு எதுவுமே இல்லை என்று ஓய்ந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது இதில் சுலபமான பகுதி. இத்தகைய விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன்; அங்கே விண்ணப்பங்கள் விழுவது வயதால் அல்ல. இடம் கொடுக்கும் நிறுவனம் எது, வழிகாட்டும் மூத்த விஞ்ஞானி யார், அவருடைய ஆய்வகத்தில் இந்த வேலைக்கான கருவி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளில்தான் பெரும்பாலானவை விழுகின்றன. பணம் உங்கள் கைக்கு வராது, நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போகும். அதனால் நிறுவனத் தலைவர் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் இல்லாமல் விண்ணப்பமே முழுமையடையாது. அந்தக் கையொப்பத்துக்காகக் கடைசி வாரத்தில் அலையும் பெண்கள், அலுவலகத்தில் "ஐயா டூரில் இருக்கிறார்" என்ற பதிலோடு திரும்பிவிடுகிறார்கள். ஆகவே முதலில் ஆய்வகத்தைத் தேடுங்கள். திட்ட அறிவிப்பு பிறகு வரட்டும்.

குரோம்பேட்டையில் இருப்பது இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் ஏறினால் கிண்டியில் இறங்கிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் போய்விடலாம். அதே ரயிலில் சேத்துப்பட்டு வரை போனால் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியவருக்கு ஆய்வகத்தின் புகழைவிட அந்த ரயில் பாதை முக்கியம் என்பது என் கருத்து. பயணத்தால் நின்றுபோன மறுவருகைகள் அறிவுக் குறைவால் நின்றவற்றைவிட அதிகம். பத்துப் பேருக்குப் பொதுவான ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய அண்மைக் கட்டுரைகளைப் படித்து, உங்கள் எண்ணம் அவர்களுடைய வேலையில் எங்கே வந்து சேர்கிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். "சும்மா வந்து ஆய்வகத்தில் இருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், எத்தனை மாதம், அதன் முடிவில் எந்தத் திட்டத்துக்கு எந்தத் தலைப்பில் விண்ணப்பம் என்பதைப் பேசி முடித்துவிட்டுப் போங்கள். காலவரையறை இல்லாத இலவச உழைப்புக்கு மறுவருகை என்று பெயர் வைக்க முடியாது.

இடைவெளியை எப்படி எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். ஒரு கூட்டத்தில் ஒரு விண்ணப்பதாரரின் தன்விவரத்தில் ஆறு ஆண்டுகள் அப்படியே காணாமல் போயிருந்தன. 2011-க்கு அடுத்த வரி 2017. எனக்கு எதிரே அமர்ந்திருந்த உறுப்பினர் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். அந்தப் பெண் உள்ளே வந்ததும் முதல் கேள்வியே அந்த வட்டத்திலிருந்துதான் வந்தது, அவர் தடுமாறினார், நல்ல ஆய்வுத் திட்டம் ஒன்று பேசப்படாமலே கழிந்தது. இடைவெளிக்காகவே உருவான ஒரு திட்டத்தின் நேர்காணலில் இப்படி நடந்தது குழுவின் தவறு என்று இன்றும் நினைக்கிறேன். அன்று நான் வாய் திறக்காததும் தவறுதான். ஆனால் குழுவைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை, வட்டம் போட இடம் கொடுக்காமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. "2017 முதல் இன்றுவரை குழந்தை வளர்ப்பு, இதில் மூன்று ஆண்டுகள் கல்லூரி ஆசிரியப் பணி" என்று ஒரே வரியில், மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல் எழுதிவிடுங்கள்.

அதைவிட ஆபத்தானது பழைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தையே புதிய கருத்துருவாக நீட்டுவது. நீங்கள் வெளியே இருந்த காலத்தில் துறை வெகுதூரம் நகர்ந்துவிட்டது. புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் 2021-இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது, 2024-இல் அந்த வேலைக்கு வேதியியல் நோபல் பரிசே கிடைத்துவிட்டது. உங்கள் காலத்தில் நீண்ட காலம் எடுத்த அமைப்புக் கணிப்பை இப்போது ஒரு மாலையில் முடிக்கிறார்கள். கணிப்பதையே இலக்காக வைத்த கருத்துரு முதல் பக்கத்திலேயே பழையதாகத் தெரியும். கணித்த அமைப்பை எடுத்துக்கொண்டு மேற்கொண்டு எந்தச் சோதனையைச் செய்யப்போகிறீர்கள் என்று தொடங்குவது புதியதாகத் தெரியும்.

திட்டம் கிடைத்துவிட்டால் ஒரு நடைமுறை எச்சரிக்கை. அடுத்த தவணை, செலவுக் கணக்கும், பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் போய்ச் சேர்ந்த பிறகே வரும். கணக்குப் பிரிவில் ஒரு கோப்பு தங்கினால் உங்கள் உதவித்தொகையும் அதோடு தங்கும். நிதியாண்டு முடிந்த ஏப்ரலிலேயே நேரில் போய்க் கேளுங்கள். சில மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டங்கள் செய்யாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2021–22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, எல்லாத் துறைகளும் சேர்ந்து பிஎச்.டி.யில் இருந்த சுமார் 2.13 லட்சம் பேரில் பெண்கள் 99 ஆயிரம் பேர், அதாவது ஏறத்தாழப் பாதி. ஆனால் நாட்டின் ஆய்வு மேம்பாட்டுப் பணிகளில் நேரடியாக ஈடுபட்டிருப்போரில் பெண்களின் பங்கு 18.6 விழுக்காடு என்கிறது அறிவியல் தொழில்நுட்பத் துறையின் புள்ளிவிவரம். இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல என்றாலும், ஓட்டை எங்கே என்பது தெளிவாகவே தெரிகிறது: பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவே. மறுவருகைத் திட்டம் உங்களை அந்த ஓட்டையிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குத் தூக்கிப் பிடிக்கும், நிரந்தரப் பணி தராது. 2020-இல் 30 நிறுவனங்களில் சோதனையாகத் தொடங்கிய 'கதி' (GATI) திட்டம், பாலினச் சமத்துவத்துக்காக நிறுவனங்களுக்குச் சான்று தரும் பிரிட்டனின் அதீனா ஸ்வான் முறையைப் பின்பற்றி, பெண்களை அல்லாமல் நிறுவனங்களையே மதிப்பிட முனைந்தது. பார்வை சரியானதே. ஆனால் பிரிட்டனில் 2011-இல் மருத்துவ ஆய்வு நிதியில் ஒரு பகுதியை அந்தச் சான்றோடு இணைத்தபோதுதான் துறைத் தலைவர்கள் விழித்துக்கொண்டார்கள். இங்கே அந்த இணைப்பு இன்னும் ஏற்படவில்லை. எனவே நான்காம் ஆண்டைப் பற்றி முதல் ஆண்டிலேயே திட்டமிடுங்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகள் உதவிப் பேராசிரியர் பணிக்கு உச்ச வயது எதையும் விதிக்கவில்லை. உங்கள் கற்பித்தல் அனுபவமும் புதிய கட்டுரைகளும் சேர்ந்தால் அந்தப் பக்கம் வழி இருக்கிறது.

இனி உங்கள் நாத்தனார். அவர் ஆய்வை விடத் தேவையே இல்லை, அவருக்கு விதி துணை நிற்கிறது. 2022 நவம்பரில் வெளியான யு.ஜி.சி.யின் பிஎச்.டி. விதிமுறைகள், பெண் ஆய்வாளருக்கு ஆய்வுக்காலம் முழுவதிலுமாக 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தரலாம் என்கின்றன. ஆறு ஆண்டு வரம்புக்கு மேல் மறுபதிவின் மூலம் இரண்டு ஆண்டுகள் எல்லாருக்கும் உண்டு. பெண்களுக்கு அதற்கும் மேல் இரண்டு, மொத்தம் பத்து ஆண்டுகள் வரை. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம்பெயரும் பெண் ஆய்வாளர் தம் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லவும் அதே விதிகள் இடமளிக்கின்றன. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: அந்த ஆய்வு பழைய நிறுவனத்துக்கு நிதி நிறுவனம் ஒன்று வழங்கிய திட்டத்தின் பகுதியாக இருக்கக்கூடாது, முன்பு செய்த பகுதிக்குப் பழைய நிறுவனத்துக்கும் நெறியாளருக்கும் உரிய நன்றியறிவிப்பு இருக்க வேண்டும். நான்காம் ஆண்டு என்பதால், சோதனைகள் பெரும்பாலும் முடிந்திருந்தால் மாற்றலே வேண்டாம் என்பேன். விடுப்பு எடுத்து, ஹைதராபாத்திலிருந்து ஆய்வேட்டை எழுதி, ஆய்வுக்குழுக் கூட்டங்களுக்கு மட்டும் சென்னை வந்துபோகலாம். புதிய இடத்தில் புதிய நெறியாளரைப் பழகிக்கொள்ளவே ஆறு மாதம் போய்விடும்.

இப்படி விதி எழுதப்பட்டிருப்பதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்த அன்னா மாணி, சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் நிறமாலையை ஆராய்ந்து 1945-இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். கையில் முதுகலைப் பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அந்த விதி பெண்களைக் குறிவைத்து எழுதப்பட்டதன்று. ஆனாலும் அவர் கடைசிவரை முனைவர் ஆகவில்லை.

நாத்தனார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடுப்பும் உதவித்தொகையும் இரண்டு வேறு மேசைகள். ஆய்வுக்காலக் கணக்கில் விடுப்பைச் சேர்ப்பது பல்கலைக்கழகம். விடுப்புக் காலத்தில் உதவித்தொகையைத் தொடர்வது நிதி தரும் நிறுவனம். அவர் ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். என்ற இளநிலை, முதுநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவர் என்றால், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவித்தொகை ஆணையே மத்திய அரசின் விதிப்படி மகப்பேறு விடுப்பு எல்லாப் பிரிவினருக்கும் உண்டு என்கிறது. ஒரு ஆய்வுத் திட்டத்தின் கீழ் சம்பளம் பெறுபவர் என்றால், திட்டத்தின் முடிவு தேதி அவருக்காகத் தானாக நீளாது. கூடுதல் நிதியில்லாத கால நீட்டிப்பை, அத்திட்டத்தை நடத்தும் முதன்மை ஆய்வாளர் கேட்டு வாங்க வேண்டும், அதை இப்போதே பேசிவிட வேண்டும்.

நெறியாளர் "நான் பார்த்துக்கொள்கிறேன், லெட்டர் எல்லாம் எதற்கு" என்று அன்போடு சொல்லலாம். அந்த அன்பை ஏற்றுக்கொண்டே, விதி எண்ணைக் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றை இணைத்து, விடுப்பு தொடங்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகப் பதிவாளர் அலுவலகத்திலும் நிதி நிறுவனத்திலும் தனித்தனி விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள். நகலில் தேதியோடு பெறுகை முத்திரை வாங்கிய பிறகே அவர் கவுண்டரை விட்டு நகர வேண்டும்.