மதுரையில் வாடகை வீடு: நீங்கள் கேட்டவையும் நான் சொல்வதும்

இருபது வருடத்துக்கு மேலாக மதுரையில் வீடு பார்த்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். 2004 ஜூலையில் ஹைகோர்ட் கிளை திறந்தபோது வக்கீல்களுக்கு வீடு தேடி உத்தங்குடி, ஒத்தக்கடை, கே.கே. நகர் என்று அலைந்ததுதான் தொடக்கம். வாடகை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணே, இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் வேலை கிடைத்திருக்கிறது. சொந்த ஊர் விருதுநகர். கே.கே. நகரில் 2 பெட்ரூம் ஃப்ளாட் 18,000 சொல்கிறார்கள். வண்டியூரில் அதே அளவு வீடு 11,000. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தம்பி, கே.கே. நகரில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதி அகலமான ரோட்டுக்கும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருப்பதற்கும்தான் போகிறது. கோர்ட், ஆஸ்பத்திரி, கோச்சிங் சென்டர் என்று எல்லாக் கூட்டமும் அங்கேதான் வீடு கேட்கிறது. அதனால் ஒரு வீடு காலியானால் போர்டு மாட்டும் முன்பே ஆள் வந்துவிடும். வண்டியூரில் அந்தப் போட்டி இல்லை.

ஆனால் உங்கள் ஆபீஸ் ரிங் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. தினமும் போய் வருவதற்கு வண்டியூரும் பாண்டி கோவில் பக்கமும் ஒன்றும் தூரம் இல்லை. அந்த 11,000 வீட்டை ஒதுக்காமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். காலையில் போகாதீர்கள், சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள். தெரு விளக்கு எரிகிறதா, குழாயில் என்ன தண்ணீர் வருகிறது, பக்கத்து வீட்டில் எத்தனை கேன் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். போர் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிப் பாருங்கள். நுரையே வராவிட்டால் அது கடுமையான உப்புத் தண்ணீர். குடிக்க, சமைக்க என்று எல்லாவற்றுக்கும் கேன் வாங்க வேண்டிவரும். கீசரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் பழுதாகும். அந்தச் செலவையும் கூட்டித்தான் வாடகையைக் கணக்குப் போட வேண்டும். மதுரையில் ஒரே ஏரியாவில் இரண்டு தெரு தள்ளிப் போனால் தண்ணீரே மாறிவிடும்.

ஐயா, மீனாட்சி அம்மன் கோவில் பக்கத்தில் அம்மா இருக்க ஆசைப்படுகிறார். மாசி வீதிகளில் லிஃப்ட் உள்ள அப்பார்ட்மென்ட் ஒன்று கூடக் கிடைக்கவில்லை. எங்களுக்குத்தான் தேடத் தெரியவில்லையா?

தேடத் தெரியாததால் இல்லை. கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டடம் கட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. கோபுரம் மறையக் கூடாது என்பதற்காக. தரைத்தளமும் இரண்டு மாடியும் போட்டாலே உயரம் முடிந்துவிடும், லிஃப்டுக்கு எங்கே போவது? அந்தக் கட்டடங்களிலும் கீழே நகைக்கடை, ஜவுளிக்கடை, குடோன் என்று வந்துவிடுவதால் குடியிருக்கும் போர்ஷன் வருடத்துக்கு வருடம் குறைகிறது.

அம்மாவுக்குப் படி ஏற முடியாவிட்டால் சிம்மக்கல், வடக்கு வெளி வீதி உள் சந்துகளில் தரைத்தளப் போர்ஷன் கேட்டுப் பாருங்கள். பழைய வீடுகள், வெளிச்சம் குறைவு, வண்டி நிறுத்த இடம் இருக்காது. ஆனால் விடியற்காலையில் நடந்தே கோவிலுக்குப் போய்விடலாம். போர்டு போட மாட்டார்கள். பூக்கடை, பால்காரர், இஸ்திரி போடுகிறவர் மூலமாகத்தான் இந்த வீடுகள் வெளியே தெரியும்.

அய்யர் பங்களாவில் 7 வருடமாக இருக்கிறோம். நத்தம் ரோடு பாலம் வந்துவிட்டது என்று சொல்லி ஓனர் ஒரேயடியாக 3,000 ஏற்றுகிறார். நியாயமா அண்ணா?

பாலம் 7.3 கிலோமீட்டர். 2023 ஏப்ரலில் திறந்தார்கள். தல்லாகுளம் பக்கம் ஏறினால் செட்டிகுளத்தில் இறங்கலாம். இதில் உண்மையான லாபம் பாலத்தின் அந்தக் கடைசியில் இருப்பவர்களுக்குத்தான். ஊமச்சிகுளம் பக்கமெல்லாம் முன்பு 'ரொம்பத் தூரம்' என்று குடும்பங்கள் மறுத்துவிடும், இப்போது பார்க்க வருகிறார்கள். நடுவில் இருக்கும் உங்களுக்குப் பாலத்தால் அவ்வளவு மாற்றம் கிடையாது.

அதே ரோட்டில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது இன்னொரு காரணம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நடந்துபோகும் தூரத்தில் சிங்கிள் ரூம் கேட்கிறார்கள். மாடியில் ஒரு ரூம் வைத்திருப்பவர்கள் அதைச் சொல்லி ஏற்றினால் புரிந்துகொள்ளலாம். குடும்பம் இருக்கும் 2 பெட்ரூம் வீட்டுக்கு அது பொருந்தாது.

சட்டப்படியும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2017இல் கொண்டுவந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் இருக்க வேண்டும். அப்படி எதுவும் எழுதவில்லை என்றால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வேறு மாதிரி ஒத்துக்கொண்டு எழுதாதவரை அட்வான்ஸும் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நம் ஊரில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது.

சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. 7 வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்த குடும்பத்தை இழந்தால் ஓனருக்கும் நஷ்டம்தான். வெள்ளையடித்து, ரிப்பேர் பார்த்து, இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் அவர் கேட்கும் 3,000 ஒரு வருடத்தில் கரைந்துவிடும். இதை அமைதியாக எடுத்துச் சொல்லி 1,000இல் முடிக்கப் பாருங்கள்.

பழங்காநத்தத்தில் ஒரு வீடு. 7 லட்சம் ஒத்திக்கு 3 வருடம் தருகிறார்களாம். வாடகை என்றால் மாதம் 10,000. எது நல்லது அண்ணே?

அதிகமாக வந்த கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையை முழுதாகத் திரும்ப வாங்கிக்கொள்வது.

முதலில் உங்கள் பக்கக் கணக்கு. 7 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட் போட்டால் வருடம் 49,000 வரும், மாதம் ஏறத்தாழ 4,080. வாடகை 10,000. ஆக ஒத்தியில் மாதம் 5,900 உங்களுக்கு மிச்சம். கையில் இருக்கும் பணம் என்றால் லாபம்தான். நகையை அடகு வைத்து 12 சதவீத வட்டிக்கு வாங்கினால் மாதம் 7,000 வட்டி, மிச்சம் 3,000 ஆகிவிடும்.

அப்புறம் ஓனர் பக்கம். இதைப் பெரும்பாலும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அவர் 7 லட்சத்துக்காக வருடம் 1,20,000 வாடகையை விட்டுக்கொடுக்கிறார். அது 17 சதவீத வட்டிக்குச் சமம். இவ்வளவு வட்டிக்கு ஒருவர் பணம் புரட்டுகிறார் என்றால் அவருக்கு அவசரம். மகள் கல்யாணமாக இருக்கலாம், ஆஸ்பத்திரிச் செலவாக இருக்கலாம். வெளியில் வாங்கிய கடனாகவும் இருக்கலாம். அந்தக் கடன் இந்த வீட்டின் மேலேயே இருந்தால் உங்கள் 7 லட்சம் ஆபத்தில் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நான் பார்த்துக் கொடுத்த வீட்டிலேயே இது நடந்தது. ஒத்தி கொடுத்த ஆறாவது மாதம் வங்கிக்காரர்கள் வந்து கதவில் ஏல நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் குடும்பம் பாதிப் பணத்தைத் திரும்ப வாங்க நான்கு வருடம் அலைந்தது. அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, அழுதார். வில்லங்கம், அதாவது வீட்டின் மேல் கடனோ அடமானமோ பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லாதது என் தவறு. அன்றிலிருந்து வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒத்தி வீட்டுப் பக்கம் யாரையும் கூட்டிப் போவதில்லை.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் நீங்களே பார்க்கலாம். ஓனர் மூலப் பத்திரத்தைக் கையில் கொண்டுவந்து காட்ட வேண்டும். 'லாக்கரில் இருக்கிறது', 'அண்ணன் வீட்டில் இருக்கிறது' என்றால் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒத்திப் பத்திரத்தைப் பதிவது. சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்கு வீட்டை ஈடாக எழுதினாலே பதிவு செய்தாக வேண்டும். செலவுக்குப் பயந்து முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தத் தாளை நம்பி 7 லட்சத்தைக் கொடுக்கக் கூடாது. பதிய மாட்டேன் என்று ஓனர் சொன்னால் மாதம் 10,000 கொடுத்து வாடகைக்கே இருங்கள்.

செல்லூரில் தரைத்தளம், வாடகை மிகக் குறைவு. எடுக்கலாமா?

2024 அக்டோபர் 25 மழையில் அந்தத் தெரு எப்படி இருந்தது என்று முதலில் விசாரியுங்கள். அன்று பந்தல்குடி கால்வாய் நிரம்பி செல்லூர், நரிமேடு, மீனாம்பாள்புரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. செல்லூர் முழுக்க அப்படி என்று சொல்ல முடியாது, மேடான தெருக்களும் உண்டு. வீட்டு வாசற்படி ரோட்டை விடத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் பல வீடுகள் பள்ளமாகிவிட்டன. சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அதே வீட்டில் முதல் மாடி கிடைத்தால் 1,500 கூடக் கொடுத்து எடுக்கலாம்.

சார், திருநகரில் சொந்த வீடு. எய்ம்ஸ், மெட்ரோ எல்லாம் வருகிறது, வாடகையை இப்போதே ஏற்றி வைக்கலாம் என்று மகன் சொல்கிறான்.

இப்போதைக்கு ஏற்றாதீர்கள் ஐயா. கட்டடம் வருவதால் மட்டும் வாடகை ஏறிவிடாது, சம்பளம் வாங்கும் ஆட்கள் வந்து குடியேற வேண்டும். ஹைகோர்ட் கிளை திறந்த அன்றே வக்கீல்களும் ஊழியர்களும் வந்துவிட்டார்கள், அதனால் கே.கே. நகரில் உடனே ஏறியது. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் முதல் மாணவர்களை 2022இல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் உட்கார வைத்தார்கள். அடிக்கல்லை நம்பி அந்தப் பக்கம் வீடு கட்டி வருடக்கணக்காகப் பூட்டி வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

மெட்ரோவும் அப்படித்தான். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டார்கள். 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. திருநகருக்கு அமைதியான தெருவும் மரநிழலுமே போதும், அதற்காகவே குடும்பங்கள் வருகின்றன.

ஆனையூரில் புது ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டேன். ஐந்து மாதமாக ஆள் வரவில்லை. வாடகையைக் குறைக்கணுமா?

கொஞ்சம் குறையுங்கள். அதற்கு முன் ஒன்று பாருங்கள் அக்கா. ஆனையூர், விளாங்குடி, அவனியாபுரம் எல்லாம் 2011இல் 72 வார்டு 100 வார்டாக ஆனபோது மாநகராட்சிக்குள் வந்தவை. பெயர் மாநகராட்சி என்றாலும் பல தெருக்களில் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாமல் செப்டிக் டேங்க்தான். வீடு பார்க்க வருகிறவர் 'டேங்க் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுக்கணும், அந்தக் காசு யார் தருவது?' என்று கேட்பார். மெயின்டனன்ஸிலேயே அது அடக்கம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதி பேர் சம்மதித்துவிடுவார்கள்.

ஆடி மாதத்தில் ஆள் தேடியிருந்தால் அதுவும் காரணம். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் வீடு மாற மாட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் முன், சித்திரை, வைகாசியில்தான் கூட்டம். வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கும் இது உதவும்: ஆடியில் பார்த்துப் பேசி முடித்துவிட்டு ஆவணி முதல் வாரம் பால் காய்ச்சுங்கள், விலை படியும்.

தனி இணைப்பு தராமல், ஓனர் தன் இணைப்பிலிருந்தே சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். சரியா?

சரியில்லை. அரசு வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது, அது குடியிருப்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். தனி இணைப்பு உள்ள வீட்டையே பாருங்கள். வாடகை 500 கூட இருந்தாலும் கோடையில் ஏ.சி. போடும் வீட்டுக்கு அதுதான் மிச்சம்.

அசைவம் சாப்பிடுவோம் என்று சொன்னதும் மூன்று வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். என்ன செய்வது அண்ணே?

படிக்கும்போதே மனசு கஷ்டமாக இருந்தது தம்பி. இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான். சாப்பாட்டைக் கேட்பார்கள், அதன் பின்னால் சாதியையும் மதத்தையும் கேட்பார்கள். ஓனர் கீழ்வீட்டிலேயே குடியிருக்கும் இடங்களில் இந்தக் கேள்வி அதிகம். ஓனர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் அப்பார்ட்மென்ட் வீடுகளில் வாடகை ஒழுங்காக வந்தால் போதும் என்பார்கள். ரிங் ரோட்டுப் பக்கம் புதிதாக வந்த கட்டடங்களில் அப்படிப்பட்ட வீடு நிறைய. எத்தனை பேர், எந்தப் பக்கம், எவ்வளவு வாடகை என்று எழுதி அனுப்புங்கள். கமிஷன் வேண்டாம், நான் பார்த்துத் தருகிறேன்.