மகள் மணிக்கூடு செய்யப் போகிறாளாம்

களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த அக்காவுக்கு,

அன்றைக்கு மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டீர்கள்: "சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளை. பயோ படி என்றால், விண்கலத்துக்கு மணிக்கூடு செய்யப் போறேன் என்கிறாள். மட்டக்களப்பில் இதுக்கு யார் வேலை தருவார்?"

மட்டக்களப்பில் யாரும் தரமாட்டார்கள். கொழும்பிலும் இல்லை. ஆனால் பிள்ளை சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை.

இரவில் வாவியில் ஒரு தோணி நிற்கிறது என்று வையுங்கள். கரையில் நிற்பவர் கூப்பிடுகிறார், தோணிக்காரர் பதில் குரல் கொடுக்கிறார். போய்வந்த நேரத்தைக் கரையில் உள்ள மணிக்கூட்டில் பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். தூர விண்வெளிக் கலங்களுக்கு இப்போதும் பெரும்பாலும் இப்படித்தான் வழி சொல்கிறார்கள். செவ்வாய்க்குச் சமிக்ஞை போகவே 3 முதல் 22 நிமிடம் வரை எடுக்கும். திரும்பி வர அதே அளவு. தோணிக்காரரிடமே சரியான மணிக்கூடு இருந்தால்? கரையில் சரியாகப் பன்னிரண்டுக்குக் குரல் கொடுக்கிறார்கள், அவருக்கு ஒரு செக்கன் பிந்திக் கேட்கிறது. 340 மீற்றர் தள்ளி நிற்கிறோம் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். பதில் குரல் தேவையில்லை.

மணிக்கூடு பிழைத்தால்தான் வில்லங்கம். ஒலியில் ஒரு செக்கன் பிழை 340 மீற்றர். ரேடியோ அலையில் அதே பிழை மூன்று லட்சம் கிலோமீற்றர். அதனால்தான் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடம் ரொட்டி வாட்டும் டோஸ்டர் அளவில் ஒரு அணு மணிக்கூட்டைச் செய்து, 2019 யூனில் பூமியைச் சுற்றும் செய்மதி ஒன்றில் அனுப்பி, 2021 செப்டெம்பர் வரை சோதித்தது. இரச அயன்களை, அதாவது மின்னேற்றம் பெற்ற பாதரச அணுக்களை, எதிலும் முட்டாமல் மின்புலத்தில் பிடித்து வைத்து, செக்கனுக்கு ஏறக்குறைய 4,050 கோடி அதிர்வுகளை அளவுகோலாக வைத்துக்கொள்கிற கருவி அது. இருபது நாளுக்கு மேல் ஓடியும் நாலு நனோசெக்கன்கூட விலகவில்லை (நனோசெக்கன் என்றால் செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு). தூரத்தில் பார்த்தால் ஒரு மீற்றர் சொச்சம்.

சரி, இதெல்லாம் வீடியோ பார்த்தும் சொல்லலாம். அதனால் நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மகளிடம் ஒன்று கேட்டேன்: எளிய ஊசலில் ஒரு அலைவை அளக்காமல் ஏன் இருபது அலைவுகளை அளக்கிறோம்? "நிறுத்தற் கடிகாரத்தை அமத்தக் கை பிந்துது சேர். அந்தப் பிழை இருபதாகப் பிரிபட்டுப் போகும்" என்றாள். வீட்டில் தையல் நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஐம்பது அலைவு வரை அளந்து பார்த்தாளாம். அக்கா, அந்தப் பூட்டு உங்கள் அலுமாரிப் பூட்டுத்தான். ஏசவேண்டாம். ரொக்கெட் பிடித்த பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். பிழை எங்கேயிருந்து வருகிறது என்று தேடுகிற பிள்ளை அபூர்வம்.

ஆகவே பயோவுக்குத் தள்ளாதீர்கள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கட்டும். அப்புறம் இரண்டு வழி. வேலைப் பயம் பெரிதென்றால் எஞ்சினியரிங்கில் இலத்திரனியல், தொலைத்தொடர்பு. பேராதனை, மொரட்டுவை இருக்கின்றன, ஒலுவிலிலும் பொறியியல் பீடம் உண்டு. மணிக்கூட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் அவளுக்கு ஆசை என்றால் பௌதிகம். அதை வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், வீட்டுச் சாப்பாட்டோடே படிக்கலாம். என் மனம் பௌதிகத்தின் பக்கம். ஆனால் அந்த வழியில் பட்டத்தோடு நிற்க முடியாது, கலாநிதிப் பட்டம் வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பௌதிக ஆய்வு மாணவருக்குக் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, கற்பித்தல் உதவிக்குச் சம்பளமும் தருகிறார்கள். காணி விற்கத் தேவையில்லை.

ஒன்றை மறைக்கமாட்டேன். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவருக்கு நாசா ஆய்வுகூடத்தின் கதவு லேசில் திறக்காது. அது ஒன்றுதான் கதவு என்றும் இல்லை. இந்தியா தானே செய்த அணு மணிக்கூட்டை 2023 மே மாதம் செய்மதியில் ஏற்றியது. ஜேர்மனியில் அளவையியலுக்கென்றே, அதாவது துல்லியமாக அளக்கும் கலைக்கென்றே, பிரவுண்ஷ்வைக் நகரில் பெரிய தேசிய நிறுவனம் இருக்கிறது.

ரியூஷனை விட எனக்குக் கவலை ஆங்கிலம். கம்பஸில் பாடம் ஆங்கிலத்தில்தான். இப்போதே பௌதிகவியலில் ஒரு அலகை ஆங்கிலத்திலும் வாசிக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை கூட்டி வாருங்கள், கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நூலின் நீளத்தைப் பூட்டின் எந்த இடம் வரை அளந்தாள் என்பதில் எனக்கும் அவளுக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை.