வாசகர் கேள்வி – பதில்: குளத்தைப் பார்த்துப் பாதையைப் போடுங்கள்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்குச் சுற்றுலாவாக வர விரும்பும் வாசகர்கள் எழுதிய கடிதங்களுள் நான்குக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கொழும்புக்குப் போகும்போதெல்லாம் வன்னியூடாகத்தான் போய் வருகிறோம், ஆனால் ஒருநாளாவது இறங்கி நின்று பார்த்ததில்லை. பிள்ளைகளின் விடுமுறையில் சொந்த வாகனத்தில் மூன்று பகல், இரண்டு இரவு குடும்பமாக வர எண்ணுகிறோம். வெளியில் நடமாட வேண்டும், வரலாறு தெரிய வேண்டும், ஊர்ச் சாப்பாடும் வேண்டும். எந்த மாதம் நல்லது? எங்கே தொடங்குவது?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள், வன்னியில் மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்டும். வாய்க்கால்கள் பெருகி உள்வீதிகள் அறுந்து கிடக்கும் நாட்களும் உண்டு. ஆகையால் டிசம்பர் விடுமுறை வேண்டாம். ஆகஸ்டில் கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும், குளங்களும் வற்றியிருக்கும். தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரையான காலமே சிறந்தது. குளங்கள் நிறைந்திருக்கும், காலபோக நெல் முற்றி அறுவடை நடக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். அந்தக் காலத்தில் பாடசாலை விடுமுறை இல்லையென்றால், வார இறுதியோடு சேர்ந்து வருகிற ஒரு விடுமுறை நாளைப் பயன்படுத்துங்கள். அதுவும் இயலாவிட்டால் ஏப்ரலைத் தெரிவு செய்யலாம்.

அடுத்தது பாதை. ஏ9 வீதியில் நேராக ஓடி வருகிறவருக்கு வன்னி என்பது இருபக்கமும் பற்றைக்காடும் இடையிடையே கடைத்தெருவும் மட்டுமே. இந்த மண்ணின் ஊர்களும் கோயில்களும் வயல்களும் குளங்களை ஒட்டி அமைந்தவை. எனவே ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குப் போவதுபோல உங்கள் பயணத்தை அமைத்தால், நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே வழியில் கிடைத்துவிடும். ஆனையிறவால் உள்ளே வந்து, சங்குப்பிட்டிப் பாலத்தால் வெளியேறுங்கள். போன வழியே திரும்ப வேண்டியிராது.

முதல் நாள் விடிய வெளிக்கிட்டு, ஆனையிறவு உப்பளத்தைக் கடந்து, கிளிநொச்சியைத் தாண்டியதும் இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்புங்கள். கொள்ளளவில் வடமாகாணத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான இரணைமடு, கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்டது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இந்தக் குளம், கிளிநொச்சியின் நெல் விளைச்சலுக்கும் பின்னாளில் எழுந்த குடியேற்றங்களுக்கும் ஆதாரமாயிற்று. வாகனத்தை நிறுத்திவிட்டுக் குளக்கட்டில் நடந்து போங்கள். கட்டின் ஒரு பக்கம் அடிவானம் வரை தண்ணீர், மறுபக்கம் துரிசிலிருந்து (மதகிலிருந்து) பிரிந்து ஓடும் வாய்க்கால். இந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்கும்போதுதான் ஒரு குளம் எப்படி வேலை செய்கிறது என்பது பிள்ளைகளுக்கு விளங்கும். மழை நல்ல வருடமென்றால் வான் கதவுகள் திறந்திருக்கும் காட்சியும் கிடைக்கலாம். அருகிலேயே கனகாம்பிகை அம்மன் கோயில் இருக்கிறது.

அங்கிருந்து முறிகண்டிப் பிள்ளையாரடி. இந்த வீதியால் போகிற எவரும் இங்கு நின்று தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தாமல் போவதில்லை. நீங்களும் எத்தனையோ முறை நின்றிருப்பீர்கள். இம்முறை அவசரப்படாமல் கச்சான் (நிலக்கடலை) கடைகளின் பக்கம் சற்று நில்லுங்கள். பெரிய இரும்புத் தாச்சியில் மணலைக் கொதிக்கவிட்டு, அதில் கச்சானைக் கொட்டி, கை ஓயாமல் பிரட்டுவார்கள். கோதின் நிறம் மாறுவதற்குள் அரிதட்டில் அள்ளி மணலைச் சலித்துவிடுவார்கள். சூட்டோடு வாங்கிக் கோதுடைத்துச் சாப்பிட்டால், பைகளில் அடைத்து விற்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நாக்குக்குத் தெரியும்.

மாங்குளத்தில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பினால் காடு நெருங்கி வரும். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலைத் தரிசித்துவிட்டு, அருகிலுள்ள முத்தையன்கட்டுக் குளத்தில் மாலைப் பொழுதைக் கழியுங்கள். ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். 1803 ஆகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரின் கோட்டையை வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் வைத்து டிரிபேர்க் என்ற அதிகாரியின் படை அவனைத் தோற்கடித்தது. வென்றவர்கள் தங்கள் வெற்றியைக் கல்லில் பொறித்து அங்கே நட்டார்கள். ஆயினும் வன்னி மக்கள் அந்த இடத்தைத் தோற்றவனின் பெயராலேயே நினைவில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போவதை, அந்த மண்ணில் நின்று கேட்பது நல்லது.

இரண்டாம் நாளை முள்ளியவளைக்கும் முல்லைத்தீவுக்கும் முழுதாகக் கொடுங்கள். தண்ணீரூற்றில் ஊற்றங்கரைப் பிள்ளையாரை வணங்கிவிட்டு, நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போங்கள். சிலப்பதிகாரத்துக் கண்ணகி ஈழத்தில் ஊர் ஊராகத் தெய்வமாக வழிபடப்படுவதை அறிவீர்கள். அவற்றுள் வன்னி மக்கள் மிகவும் நெருக்கமாக உணர்கிற கோயில் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்பு நீரில் விளக்கேற்றுவது வழக்கம். பொங்கலன்று நாலா திசையிலிருந்தும் சனம் திரளும். அமைதியாகக் கோயிலையும் கடலேரியையும் பார்க்க விரும்பினால் மற்ற மாதங்களே ஏற்றவை.

நந்திக்கடலில் காலையிலேயே இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிகிறவர்களைக் காணலாம். அன்று பிடித்த இறாலை வாங்கி, தங்குமிடத்தில் சமைத்துத் தரச் சொல்லுங்கள். முருங்கையிலை சேர்த்துக் கூட்டாகப் பிரட்டிய இறாலும், மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறும் போதும். வேறு கறியைத் தேட மாட்டீர்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் மாலையில் நடக்கலாம். ஆனால் ஊர்க்காரர் இறங்காத இடத்தில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள், ஏனெனில் இழுவை அதிகம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த கரை அது.

மூன்றாம் நாள் மாங்குளத்துக்குத் திரும்பி, ஏ9 வீதியைக் குறுக்கே கடந்து, மல்லாவி வழியாக வவுனிக்குளம் செல்லுங்கள். பாலியாற்றை மறித்த இந்தக் குளம் மிகப் பழையது. எல்லாளன் காலத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படுவது. நெடுங்காலம் தூர்ந்து கிடந்து, 1950களில் மீளக் கட்டப்பட்டது. குளக்கட்டு மீனவரிடம் விராலும் ஜப்பான் மீனும் வாங்கலாம். இந்தப் பக்கத்து எருமைத் தயிரை முட்டியோடு வாங்கி, காட்டுத்தேன் விட்டுச் சாப்பிடுங்கள். பின்னர் வெள்ளாங்குளத்தில் ஏ32 வீதியில் ஏறி வடக்கே ஓடினால் பூநகரி. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டையின் எச்சங்கள் அங்கே இருக்கின்றன. அரை மணித்தியாலம் போதும். 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைப் பொழுது சாயுமுன் கடந்துவிடலாம்.

மன்னாரையும் இதற்குள் நுழைக்கப் பார்க்காதீர்கள். மூன்று நாளில் இரண்டு கரையையும் தொட்டுவிட வேண்டுமென்று ஓடினால், இருந்து பார்த்ததாக எதுவும் மிஞ்சாது.

கேள்வி: என் மாமியார் மரக்கறி மட்டுமே உண்பவர், கடைச் சாப்பாட்டுக்கு அஞ்சுகிறார். வன்னியில் அவருக்கு என்ன கிடைக்கும்? பாலைப்பழம் எப்போது வரும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அவர் அஞ்ச வேண்டியதில்லை. மாகாண விவசாயத் திணைக்களத்தின் முயற்சியால் தொடங்கி, பெண்களே சமைத்து நடத்துகிற அம்மாச்சி உணவகங்கள் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் உள்ளன. தோசையும் உழுந்து வடையும் கண்ணெதிரே சுடப்படும். குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, எள்ளுருண்டை என்று பழைய பண்டங்களும் உண்டு. விலையும் கையைக் கடிக்காது. அங்கு செலவிடும் பணம் சமைத்த பெண்களின் வீட்டுக்கே போகிறது; போரில் துணையை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குகிற பெண்கள் நிறைந்த மாவட்டங்களில் இது சிறிய விடயமன்று. மீன், இறைச்சி சமைக்கும் கடைகளில் ஒரே அகப்பை புழங்கக்கூடும் என்பதால், பக்குவம் பார்க்கிறவர்களுக்கு இந்த உணவகங்களே ஏற்றவை.

பாலைப்பழம் வைகாசி, ஆனியில் பழுக்கும். சிறிய மஞ்சள் பழம். தேனாய் இனிக்கும், பால் உதட்டில் ஒட்டும். உண்டபின் சிறிது தேங்காயெண்ணெய் தடவினால் ஒட்டு விட்டுவிடும். வீதியோரத்தில் விற்கிறவர்களிடமே வாங்குங்கள். மரத்தடிக்குப் போய்ப் பொறுக்கும் ஆசை வேண்டாம். அந்தப் பழத்துக்குக் கரடியும் வரும்.

கேள்வி: கனடாவில் பிறந்து வளர்ந்த என் இரு பிள்ளைகளையும் அடுத்த கோடையில் வன்னிக்கு அழைத்து வருகிறேன். நான் 2009க்கு முன்பே வெளியேறியவன். முள்ளிவாய்க்காலை அவர்களுக்குக் காட்டலாமா, அல்லது விடுமுறையில் அந்தத் துயரம் வேண்டாம் என்று விட்டுவிடுவதா? காட்டுக்குள்ளும் நடக்க விரும்புகிறார்கள்.
– வாசகர், ரொறன்ரோ

பதில்: காட்டுங்கள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியே விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் வழியாகத்தான் வட்டுவாகல் பாலத்துக்கு வருகிறது. அந்த வீதியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து போவதுதான் பிள்ளைகளுக்குத் தவறான பாடமாக அமையும். கடலுக்கும் கடலேரிக்கும் நடுவே அந்த நிலம் எவ்வளவு ஒடுங்கியது என்பதை அவர்கள் கண்ணால் காணட்டும். 2009 மே மாதத்தில் அங்கே எத்தனை ஆயிரம் சனம் நெருக்குண்டு கிடந்தது என்பதை அதன்பின் நீங்கள் அதிகம் விளக்க வேண்டியிராது. ஆண்டுதோறும் மே 18இல் நினைவுகூரலும், அதையொட்டிய நாட்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்குவதும் நடைபெறுகின்றன. உண்ண எதுவுமில்லாத நாட்களில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிக் குடித்ததன் நினைவு அது. வன்னியின் உணவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கஞ்சியை விட்டுவிட்டுப் பேசக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கு நடந்துகொள்ளும் முறையும் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017இல் தொடங்கிய போராட்டத்தை வீதியோரங்களில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தவர்கள். அவர்களைக் கண்டால் அருகே சென்று இருங்கள், கேளுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தெரிந்த குடும்பம் ஒன்று அப்பகுதியில் இருந்தால் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்களோடு சேர்ந்து அந்த இடங்களுக்குப் போவதே சிறந்தது. அதே நாளில் உல்லாசமான வேறொன்றையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

காட்டு நடைக்கு என் பதில் கண்டிப்பானது. மிதிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்தும் முற்றாக முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையோ, கயிறு கட்டிய எல்லையோ கண்டால் ஓரடியும் அப்பால் வைக்கக் கூடாது. ஊரவர் நாளாந்தம் புழங்கும் பாதையை விட்டு இறங்கவும் கூடாது. நடக்கும் ஆசைக்குக் குளக்கட்டுகளும் வயல் வரம்புகளும் தாராளமாக இருக்கின்றன. அந்திக்குப் பின் காட்டு வீதிகளில் யானை குறுக்கிடும். கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஒலி எழுப்பாமல், அது போகும் வரை காத்திருங்கள். குளங்களில் முதலை உண்டு என்பதால், ஊர்ச்சனம் குளிக்கிற துறையில் மட்டுமே குளிக்க விடுங்கள்.

கேள்வி: புகையிரதத்தில் வந்து, இரண்டு நாளில் மடு, மாந்தைப் பக்கம் மட்டும் பார்க்க முடியுமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: முடியும். மதவாச்சியில் பிரிகிற தலைமன்னார்ப் பாதையில் மடு வீதி நிலையத்தில் இறங்கி, முச்சக்கரவண்டியில் மடுமாதா ஆலயத்துக்குப் போகலாம். மறுநாள் முருங்கன் பக்கமாகக் கட்டுக்கரைக் குளத்தையும், அதன் பின் திருக்கேதீஸ்வரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய தலம் அது. நீங்கள் கேட்ட மாந்தை, அதாவது கப்பல்கள் வந்துபோன மாதோட்டத் துறைமுகம், அதைச் சூழ்ந்தே இருந்தது. போர்த்துக்கேயர் இடித்த கோயிலை மீட்டெழுப்ப 1872இல் முதற்குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். பாலாவித் தீர்த்தத்தில் நீராடிவிட்டு, மன்னார்த் தீவை நோக்கிப் போகும் வழியில் வங்காலைப் பறவைகள் சரணாலயத்தில் இறங்குங்கள். மாரியில் வருகிற பூநாரைகள் கூட்டமாக நிற்கும் இடம் அது. வெயில் ஏறுமுன் போனால் நெடுநேரம் பார்க்கலாம்.

சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரத்திலும், ஆகஸ்ட் 15 பெருவிழாவை ஒட்டி மடுவிலும் இலட்சக்கணக்கில் சனம் கூடும். மடுவில் குடும்பங்கள் மரநிழலில் கூடாரமடித்து, கல் வைத்துச் சமைத்து, நாட்கணக்காகத் தங்குவார்கள். அந்தக் கூட்டத்தோடு கலந்திருக்க விருப்பமானால் தங்குமிடத்தைப் பல வாரம் முன்பே ஒழுங்கு செய்யுங்கள்; இல்லையென்றால் அந்த நாட்களைத் தவிர்த்து, தை அல்லது பங்குனியில் வாருங்கள்.