12 பேருக்கும் ஒரே பரிசு கொடுத்தால் தப்பா?

கேள்வி: வரும் பண்டிகைக்கு உறவு, நட்பு என்று 12 பேருக்குப் பரிசு கொடுக்க வேண்டும். கையைக் கடிக்காமல் இருக்கட்டும் என்று நானே செய்து கொடுக்க முடிவெடுத்தேன். வீடியோ பார்த்துப் பார்த்து க்ளூ கன், மினுமினுப்புத் தூள், பெயின்ட், மெழுகு, மணி என்று வாங்கியதில், கடையில் பரிசே வாங்கியிருக்கலாம் போலச் செலவாகிவிட்டது. பாதியில் நிற்பவை எல்லாம் பீரோ மேல் கிடக்கின்றன. "காசு மிச்சம் பிடிக்கிறாள்" என்று மாமியார் வீட்டில் நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு. குழந்தைகளும் கூடச் சேர்ந்து செய்கிறேன் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாமே, ஒரு வாசகி

பதில்: காசு எங்கே போனது என்று பாருங்கள். பரிசுகளுக்கு அதிகம் போகவில்லை, மிச்சத்துக்குத்தான் போயிருக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரு சிட்டிகை மினுமினுப்புத் தூள் போதும், ஆனால் டப்பாவாகத்தான் வாங்க வேண்டும். 12 பேருக்கு 12 விதமாகச் செய்யக் கிளம்பினால் 12 டப்பா மிஞ்சும். அதோடு ஒவ்வொன்றிலும் நீங்கள் புதுசு. எந்தக் கைவேலையிலும் முதல் இரண்டு கோணல்மாணலாகத்தான் வரும். நாலாவது, ஐந்தாவதில்தான் கை பழகும். பழகுவதற்கு முன்பே அடுத்த வேலைக்குத் தாவிவிட்டால், எல்லாமே முதல் முயற்சியாகவே நின்றுவிடும்.

அதனால் என் யோசனை, ஒரே பொருளைத் தேர்ந்தெடுத்து எல்லோருக்கும் அதையே செய்யுங்கள். தப்பே இல்லை. ஒருவருக்குக் கிடைத்ததே இன்னொருவருக்கும் கிடைத்தால் யாரும் வருத்தப்படப் போவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்கும் தொல்லையும் ஒழிந்தது. நிறத்தையும் பெயரையும் மட்டும் மாற்றினால் போதும்.

எது என்று கேட்டால் கையால் தைத்த நோட்டைத்தான் சொல்வேன். தீ வேண்டாம், மெஷின் வேண்டாம், காய்கிறதா என்று காத்திருக்க வேண்டாம். மேசையில் வைத்துப் பார்க்கும் பொருள் ஆறு மாதத்தில் தூசி தட்ட வேண்டிய சுமையாகிவிடும். நோட்டு எழுதித் தீர்ந்துபோகும்.

ஒரு நோட்டுக்கு 8 ஏ4 தாள். ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 32 பக்கம் வரும். 500 தாள் உள்ள ஒரு ரீமில் 60 நோட்டுக்கு மேல் போடலாம், உங்களுக்கு வேண்டியது 96 தாள்தான். அட்டைக்குப் பழைய நாட்காட்டித் தாள், பைல் அட்டை, உள்பக்கம் வெறுமையாக உள்ள பெட்டி என்று வீட்டில் இருப்பதே போதும். மடிப்பதற்கு முன் அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் எளிதாக வளையும், மற்றதில் முரண்டு பிடிக்கும். எளிதாக வளையும் திசையிலேயே மடிப்பு விழும்படி வெட்டினால் முதுகு வெடிக்காது. மடிப்பை ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்த்தால் நறுக்கென்று நிற்கும்.

அப்புறம், மடித்த தாள்களை அட்டைக்குள் வைத்து, அட்டையோடு சேர்த்து நடு மடிப்பில் 3 துளை. தாள் மடித்த பிறகு 21 செ.மீ. உயரம் இருக்கும். சரியாக நடுவில் ஒன்று, இரு முனைகளிலிருந்தும் 4 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. துளையை முதலிலேயே கனமான ஊசியால் குத்திவிடுங்கள், தைத்துக்கொண்டே குத்தினால் வரிசை தப்பும். நோட்டின் உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு நூல் எடுத்து, ஒரு மெழுகுவத்தித் துண்டில் இரண்டு முறை இழுத்துவிடுங்கள், சிக்காது. உள்பக்கமிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போங்கள். உள்ளுக்குள் நடுவைத் தாண்டி நேரே கீழ்த்துளைக்குப் போய் வெளியே வாருங்கள். மறுபடி நடுத்துளையில் உள்ளே. இப்போது உள்ளே நீளமாக ஓடும் நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை இருக்க வேண்டும். அந்த நூலை நடுவில் பிடித்தபடி இரண்டு முடிச்சு. அவ்வளவுதான். உள்தாள்கள் ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கி நிற்கும், அது இயல்பு. இரும்பு ஸ்கேல் வைத்துப் புது பிளேடால் ஒரே சீராக வெட்டிவிட்டால் கடைநோட்டு போல ஆகிவிடும். கத்தரிக்கோல் இதற்கு உதவாது.

ஒவ்வொரு நோட்டாக முடிக்காதீர்கள். ஒரு மாலை மடிப்பு மட்டும், மறுநாள் துளை மட்டும், அடுத்த நாள் தையல். கோணலாக வந்த முதல் நோட்டு உங்கள் வீட்டு மளிகைக் கணக்குக்கு.

மாமியார் வீட்டுக் கூச்சத்துக்கு வருகிறேன். செய்த பொருளைச் சின்னதாக்குவது பெரும்பாலும் கொடுக்கும் நம் வாய்தான். "சும்மா வீட்டிலேயே செஞ்சது, நல்லா வந்திருக்கான்னு தெரியல" என்று நீட்டினால் வாங்குபவரும் அந்தக் கண்ணாலேயே பார்ப்பார். முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதி, பழுப்புத் தாளில் சுற்றி, ஒரே நிற நூலால் கட்டி, மன்னிப்புக் கேட்காமல் கொடுங்கள். மினுமினுப்பு எதுவும் வேண்டாம். சுற்றும் தாள் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதே ஒரு கம்பீரம். சரி, கையால் செய்ததை ரசிக்கவே மாட்டார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், அவருக்கு மட்டும் கடையிலேயே வாங்கிவிடுங்கள். இதில் கொள்கைப் பிடிவாதம் எதற்கு?

மாமியாருக்கு மட்டும் தனியாக ஏதாவது என்று தோன்றினால், மாமனாரின் பழைய பருத்திச் சட்டையில் குஷன் உறை தைக்கலாம். 40 செ.மீ. குஷனுக்கு முன்பக்கத்திலிருந்து, பட்டன் பட்டி நடுவில் வரும்படி 42 செ.மீ. சதுரம், முதுகுப் பக்கத்திலிருந்து இன்னொன்று. நல்ல பக்கங்களை உள்ளே வைத்து நாலு ஓரமும் 1 செ.மீ. விட்டுத் தையுங்கள். சட்டையின் பட்டனே உறைக்கு வாய், ஜிப் வைக்கும் வேலை மிச்சம். தைப்பதற்கு முன் நடுவில் இரண்டு மூன்று பட்டனைக் கழற்றிவிட மறக்காதீர்கள். எல்லாம் பூட்டியே தைத்துவிட்டால் உறையைப் புரட்டிப்போட வழியிருக்காது. வெட்டும் முன் சட்டைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பழைய சட்டை என்று நாம் நினைப்பது அவருக்குப் பிடித்த சட்டையாக இருக்கும்.

மெழுகு வாங்கி வைத்திருக்கிறீர்கள். பார்க்க எளிதாகத் தெரிந்தாலும் முதல் தடவை செய்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பாத்திரத்தின் அகலத்துக்கு ஏற்ற திரி அமையாவிட்டால் ஒன்று அணைந்துபோகும், இல்லை புகை கக்கும். செய்தே தீருவேன் என்றால் மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் சட்டென்று ஆவியாகி எரியும் மெழுகைச் சிதறடிக்கும். மூடியால் மூடி, அடுப்பை அணைக்க வேண்டும். பீரோ மேல் இருக்கும் மற்றவற்றைக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். போட்ட காசு வீணாகிறதே என்று முடிக்க உட்கார்ந்தால் இன்னும் நாலு பொருள் வாங்க வேண்டி வரும்.

குழந்தைகளுக்கு உப்பு மாவு கொடுங்கள். மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் சுமார் 1 கப். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, அரை செ.மீ. கனத்தில் தேய்த்து, நட்சத்திரம், இலை என்று வெட்டட்டும். நூல் கோக்க ஸ்ட்ராவால் துளை போடுவதை ஈரத்திலேயே முடித்துவிட வேண்டும், காய்ந்த பிறகு குத்தினால் உடையும். 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் 2, 3 மணி நேரம், ஓவன் இல்லையென்றால் காற்றாட நாலைந்து நாள், நடுவில் திருப்பிப்போட்டு. உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் பெயின்ட் அடித்த பிறகு இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசுங்கள். நோட்டுக் கட்டும் நூலில் ஒன்றைக் கோத்தால் பெயர்ச்சீட்டுக்குப் பதிலாகவே ஆயிற்று. நாய் வளர்க்கும் வீட்டுக்குப் போகும் பரிசில் மட்டும் இதைக் கட்டாதீர்கள். அவ்வளவு உப்பு நாயின் உயிருக்கே ஆபத்து. அந்த வீட்டு நோட்டுக்கு வெறும் நூலே போதும்.